லாரியின் விசிறி

வரலாறு என்றவுடன் அரசர்களின் போரும் அரண்மனைச் சூழ்ச்சியுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. ஆனால், சக்கரமும் கலப்பையும் கப்பற்பாயும் மனித வாழ்வை மாற்றிய அளவுக்கு மாற்றிய அரசர்கள் எத்தனை பேர்? லாரியின் முகப்புக்குப் பின்னே சுழலும் விசிறிக்கும் ஒரு வரலாறு உண்டு. எஞ்சினோடு பிணைக்கப்பட்ட விசிறியைக் கழற்றிவிட்டு, கழிக்கப்பட்ட காரிலிருந்து எடுத்த மின்விசிறியை அவ்விடத்தில் பொருத்துவது பல நாடுகளின் பட்டறைகளும் அறிந்த வேலை. குளிர்நாட்டில் பிறந்த இயந்திரத்தை வெப்பநாட்டார் தம் வாழ்வுக்கு இணக்கிக்கொண்ட கதையில் அது ஒரு சிறு அத்தியாயமாகும்.

அக்கதையைப் பொங்கோலில் நின்று நோக்குவது பொருத்தமே. சிங்கப்பூர்த் தீவின் வடகிழக்கு மூலையில் உள்ள இவ்வூரின் பெயர், கனிகளை வீழ்த்துவதற்காக மரக்கிளைகளின்மீது கழிகளை எறிவதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பர். லிட்டில் இந்தியாவில் தொடங்கும் சிராங்கூன் சாலை வடகிழக்கே நீண்டு, அப்பர் சிராங்கூன் சாலையாகிப் பொங்கோல் சாலையைச் சென்றடைகிறது. பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் காய்கறித் தோட்டங்களும் நிறைந்திருந்த பொங்கோல், நகரத்திற்கு உணவளித்த ஊர்களுள் ஒன்று. பண்ணைகள் அகன்றபின், 1996ஆம் ஆண்டில் பிரதமர் கோ சோக் தோங் புதிய பொங்கோல் நகரத் திட்டத்தை அறிவித்தார். மண்ணும் கல்லும் இரும்பும் ஏற்றிய லாரிகள் அங்கே வரிசை பிடித்தன. பண்ணைக் காலமாயினும் கட்டுமானக் காலமாயினும் லாரியின் பாடு ஒன்றே: சுமையோடு ஊர்தல், சந்திப்பில் நிற்றல், வெயிலில் காத்திருத்தல்.

நிற்கும் லாரிக்கு வெப்பமே பகை. எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தை ஓட்டப் பயன்படுகிறது; எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடும் குளிர்நீரோடும் வெப்பமாக வெளியேறுகிறது. நீரின் வெப்பத்தைக் காற்றில் கலக்கச் செய்வதே ரேடியேட்டரின் பணி. ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக், 1900ஆம் ஆண்டின் இறுதியில் உருவான மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அதன் பின்னே ஒரு விசிறி சுழன்று, கார் மெதுவாகச் செல்லும்போதும் காற்றை ஈர்த்துத் தந்தது. பின்வந்த கார்களும் லாரிகளும் பல்லாண்டுகள் இவ்வழியையே பின்பற்றின.

அவ்வழியில் ஒரு குறை ஒளிந்திருந்தது. பெல்ட்டால் எஞ்சினோடு பிணைக்கப்பட்ட விசிறி, எஞ்சினின் வேகத்தை அறியுமே தவிர, அதன் வெப்பத்தை அறியாது. திறந்த சாலையில் லாரி விரையும்போது காற்று தானாகவே ரேடியேட்டரில் மோதுகிறது; விசிறிக்கு அங்கே வேலை குறைவு. ஆயினும் அப்போதுதான் அது மிக விரைவாகச் சுழல்கிறது. நெரிசலில் லாரி நிற்கும்போது காற்று மிகவும் தேவை. அப்போதோ அது சோம்பிச் சுழல்கிறது. இவ்வீண் சுழற்சிக்கு விலையும் உண்டு. விசிறியின் சுழற்சி இருமடங்கானால் அது தரும் காற்று இருமடங்கே ஆகும். அது உண்ணும் ஆற்றலோ எட்டு மடங்காகும். அவ்வாற்றல் அனைத்தும் எரிபொருளிலிருந்தே வருகிறது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே மின்விசிறி. எஞ்சினைக் குறுக்காக வைத்த சிறு கார்களில், விசிறியைப் பெல்ட்டால் ஓட்டுவது கடினமாயிற்று. 1969இல் வெளிவந்த ஃபியட் 128 போன்ற கார்கள், நீரின் வெப்பம் ஏறும்போது மட்டும் சுழலும் மின்விசிறியை ஏற்றன. எஞ்சின் மெதுவாக ஓடினாலும் இவ்விசிறி தன் முழு வேகத்தில் சுழலும். தேவை தீர்ந்ததும் நின்றுவிடும்.

அத்தகைய விசிறிகள் பழைய பொருளாகக் கைக்கு எட்டுவதற்கு ஏற்ற நாடு சிங்கப்பூர். 1990ஆம் ஆண்டு மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. வாகன உரிமைச் சான்றிதழின் காலம் 10 ஆண்டுகள். அதனால் நன்றாக ஓடும் கார்கள் பலவும் காலம் முடியுமுன்னரே கழிக்கப்படுகின்றன. கார் முதுமை எய்திற்று என்று ஏடு கூறினும், அதன் விசிறி இளமையோடு இருக்கும். பழைய பொருளை மதிக்கும் பண்பு இந்நகருக்குப் புதிதன்று. லிட்டில் இந்தியாவுக்கு அருகே, 1930களில் தோன்றிய சுங்கை ரோடு சந்தை, 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் மூடப்படும்வரை அப்பண்புக்குச் சான்றாக விளங்கியது.

எனினும், கழித்த பொருளைப் பயன்படுத்துவது வெறும் சிக்கனம் அன்று. அஃது அறிவின் வேலை. கார் விசிறி 12 வோல்ட்டில் இயங்கும்; பெரிய லாரிகளின் மின்னமைப்போ பெரும்பாலும் 24 வோல்ட். நேராக இணைத்தால் மோட்டார் கருகிவிடும். ஒரே வகை விசிறிகள் இரண்டைத் தொடராக இணைக்கலாம். ஆனால், ஒன்று பழுதானால் மற்றதும் நின்றுவிடும். 12 வோல்ட்டில் 240 வாட் மோட்டார் 20 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே, தடித்த கம்பியும் ரிலேயும் ஃபியூசும் இன்றியமையாதவை. நீரின் வெப்பத்தை உணரும் சுவிட்சை உரிய இடத்தில் பொருத்த வேண்டும். காற்று ஓடும் வண்டியின் எதிர்க்காற்றோடு ஒத்த திசையில் செல்ல வேண்டும். மின்முனைகளை மாற்றினால் சுழலும் திசை மாறும். ஆனால், இதழின் வளைவு ஒரு திசைக்கென்றே அமைந்ததாகையால் காற்று குறைந்துவிடும். விசிறியைச் சூழும் கூண்டு இல்லையேல், காற்று ரேடியேட்டரின் ஒரு பகுதியில் மட்டுமே பாயும்.

அளவறிதலும் வேண்டும். சிறு லாரிக்கு ஏற்ற மாற்றம் பெருஞ்சுமை லாரிக்கு ஏற்காது. பெரிய டீசல் எஞ்சினின் விசிறி பல கிலோவாட் ஆற்றலோடு இழுக்கும் காற்றை, சில நூறு வாட் கொண்ட கார் விசிறி ஈடுசெய்ய இயலாது. அதனால்தான் பெரிய லாரிகளில், வெப்பத்திற்கேற்ப எஞ்சினோடு இணைந்தும் விலகியும் சுழலும் கிளட்ச் விசிறிகள் இன்றும் இருக்கின்றன. இவ்வெல்லையை மறந்து விசிறியை மாற்றுபவர் மிச்சப்படுத்தும் எரிபொருளின் விலையை, வெடித்த எஞ்சின் தலை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

மேபாக்கின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. எண்ணெய் படிந்த கையோடு, எந்த விசிறி எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று ஆய்ந்து தெளிந்த மெக்கானிக்குகளின் பெயர்களோ எந்நூலிலும் இல்லை. படைத்தவனின் அறிவு வரைபடத்தில் வாழ்கிறது; பொருத்தியவனின் அறிவு அவன் கையோடு மறைகிறது. பண்ணை நிலமாயிருந்த பொங்கோலில் 2024ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் இயங்குகிறது. அங்கே பயிலும் இளைஞர்க்குப் பட்டறையின் அறிவும் பாடமாதல் வேண்டும். ஆசிரியர் தம் மாணவரை ஒருநாள் பட்டறைக்கு அழைத்துச் சென்று, அங்குள்ளோர் சொல்வதை நல்ல தமிழில் எழுதிவரச் செய்வாராயின், அறிவியலும் மொழியும் ஒருங்கே வளரும். எழுதப்படாத ஒரு வரலாறும் ஏட்டில் ஏறும்.