காற்றுக்குக் காத்திருந்த நான்கு திங்கள்

சாந்தோம் பேராலயத்தில் திருத்தூதர் தோமையாரின் கல்லறை முன் முழந்தாளிட்டு எழுவோர், இதே மண்ணில் புனித சவேரியாரும் முழந்தாளிட்டிருந்தார் என்று கேள்விப்பட்டிருப்பர். 1545ஆம் ஆண்டு ஏறத்தாழ நான்கு திங்கள் அவர் மயிலாப்பூரில் தங்கியிருந்தார். அதைத் திருப்பயணம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். ஆனால் அவர் மயிலைக்கு வந்தது திருப்பயணியாக மட்டுமன்று. எடுத்த காரியம் முறிந்து, செல்ல நினைத்த திசையில் காற்று விடாமல், இனி எங்கே போவது என்று அறியாத நிலையில் இவ்வூர்க் கரையை வந்தடைந்தார். அடுத்த ஏழாண்டுகளில் மலாக்கா, மொலுக்காஸ், ஜப்பான், சீனக் கடல் என்று விரிந்த வாழ்வு இங்கே ஒரு தோட்டத்தைத் தாண்டியிருந்த சிற்றிடத்தில், இரவுகளில், முடிவு செய்யப்பட்டது.

இதை விளங்கிக்கொள்ள, அதற்கு முந்தைய ஓராண்டைப் பார்க்க வேண்டும்.

சவேரியார் 1542 மே 6ஆம் நாள் கோவாவில் வந்திறங்கினார். அவ்வாண்டின் இறுதிக்குள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். பரதவ மக்கள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் மறைக்கல்வி தருவோர் எவருமில்லை. செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டினார் என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வருவது. அந்தப் படத்திலேயே நாம் நின்றுவிடுகிறோம். 1544இல் அவர் தம் உடனுழைப்பாளர் பிரான்சிஸ் மன்சிலாசுக்கு மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து எழுதிய சிறு மடல்கள் வேறொரு மனிதரைக் காட்டுகின்றன. களைத்துப்போன, சில நாள்களில் வாழ்வே சலித்துப்போன மனிதர் அவர்.

அவ்வாண்டு சூன் திங்களில் வடுகர் படை குமரிமுனைப் பகுதிக் கிறிஸ்தவர்கள்மீது பாய்ந்தது. மக்கள் கடலோரப் பாறைகளில் ஏறி ஒளிந்தனர். உணவும் நீருமின்றித் தவித்தனர். செய்தி அறிந்த சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிப் புறப்பட்டார். எட்டு நாள் கடலில் போராடியும் எதிர்க்காற்று அவரைக் குமரிக்கு அணுக விடவில்லை. பின்பு தரை வழியே நடந்து சென்றார். வழியில் கண்டவற்றை அவர் எழுதியிருக்கிறார்: உண்ண ஏதுமற்றோர், நடக்க இயலாத முதியோர், வழியிலேயே மகவீன்ற பெண்கள். தாம் கொண்டுசென்ற உணவு பாறையில் தவித்தவர்க்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்ற நினைவு ஒரு மறைப்பணியாளரின் மனத்தில் எவ்வளவு நாள் தங்கியிருக்கும்? அவர் காற்றோடு தோற்றது அதுவே முதன்முறை. கடைசி முறையன்று.

அதே ஆண்டில் மற்றொரு சோதனை. வெளியிலிருந்து அல்ல, தம்மவரிடமிருந்தே வந்தது. தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கீசியத் தளபதி கோஸ்மே தெ பைவா ஆதாயம் ஒன்றையே நாடியவர். வடுகர் தலைவனுக்கு அவர் குதிரை விற்றதையும், பரதவ மக்களுக்கு இழைத்த கொடுமைகளையும் சவேரியார் கடுமையாகக் கண்டித்தார். இருவருக்கும் பகை முற்றியது. செப்டம்பரில் வடுகர் தளபதியின் கப்பலையும் வீட்டையும் எரித்தனர். அவர் உயிர் தப்பித் தீவொன்றில் ஒதுங்கினார். இந்தச் செய்தி கிடைத்தவுடன், செப்டம்பர் 5ஆம் நாள், ஆலந்தலையிலிருந்து மன்சிலாசுக்கு ஒரு மடல் பறக்கிறது. புன்னைக்காயல் மக்களோடு, தோணிகளில் குடிநீர் நிரப்பிக்கொண்டு, தளபதிக்கு உதவ உடனே விரைந்து செல்லும்படி இறைவன் பெயரால் கேட்டுக்கொள்கிறார். தாமே செல்லலாம், ஆனால் தம்மைக் கண்டால் அவர் மனம் புண்படும் என்று அஞ்சி விலகி நிற்கிறார். இந்தச் சிறு மடலையே நான் மிகவும் மதிக்கிறேன். சவேரியாரின் புதுமைகளைப் பற்றி எத்தனையோ ஏடுகள் உண்டு; பகைவனுக்குத் தண்ணீர் அனுப்பிவிட்டுத் தாம் மறைந்துகொண்ட இந்தப் பண்பைப் பற்றி எழுதியோர் சிலரே.

ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவர் பதினாயிரம் பேருக்கு மேல் ஒரே திங்களில் திருமுழுக்குப் பெற்றனர். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மன்னாரில் புதிதாகக் கிறிஸ்துவை ஏற்ற அறுநூறு பேருக்கும் மேற்பட்டோரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி வாளுக்கு இரையாக்கினான்.

இங்கே வரலாற்றை எழுதுவோர் சற்று நிதானிக்க வேண்டும். ஆளுநர் மார்ட்டின் அபோன்சோ தெ சூசா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுக்க ஆணையிட்டார். ஆளுநரின் சினத்தைத் தாம் தணிக்க வேண்டியிருந்தது என்று சவேரியார் எழுதினாலும், அந்தப் படையெடுப்பை அவர் எதிர்க்கவில்லை, எதிர்நோக்கினார். சங்கிலியை அகற்றி, கிறிஸ்தவராக முன்வந்த அவன் உடன்பிறந்தானை அரியணையில் அமர்த்துவது திட்டம். அதன் விளைவைக் காணவே 1545 தொடக்கத்தில் அவர் நாகப்பட்டினத்துக்கு வந்தார். புனிதர் ஒருவர் போர்க்கப்பல்களுக்காகக் காத்திருந்தார் என்று சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் அது நடந்தது. அக்காலத்து மனப்போக்கு என்று சொல்லி அதைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. மறைசாட்சிகளின் குருதிக்கு வாளால் விடை தேடும் ஆவல் எக்காலத்திலும் நம்முள் இருப்பதே.

படையெடுப்பு நடக்கவில்லை. காரணம் மிகச் சாதாரணமானது. பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கீசிய அரசக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சங்கிலி அதிலிருந்த சரக்கைக் கைப்பற்றினான். சரக்கு திரும்பக் கிடைக்கும்வரை படையை நகர்த்த யாருக்கும் மனமில்லை. மன்னாரில் விழுந்த உயிர்களைவிடப் பெகுச் சரக்கு கனமாக இருந்தது. ஏப்ரல் 7ஆம் நாள் நாகையிலிருந்து சவேரியார் மன்சிலாசுக்கு இதை எழுதுகிறார். தம்மைக் கைவிட்டவர்களைத் திட்டவில்லை. இறைவனுக்குப் பணியாக இருக்குமாயின் அது நடக்கட்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறார். பாஸ்கா பெருவிழா முடிந்து இரண்டே நாள். அன்று அவருக்கு முப்பத்தொன்பது வயது நிறைந்தது. அம்மடலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

குமரிக்குத் திரும்ப விரும்பினார். ஆனால் சோழகக் காற்று எழுந்துவிட்டது. நாகையிலிருந்து தெற்கே பாய் விரிக்க இயலாது. தெற்கு அடைபட்டதனால் வடக்கே, தோமையாரின் ஊருக்கு வந்தார்.

அன்றைய சாந்தோம், பணி ஓய்ந்த போர்த்துக்கீசிய வீரர்களும் பெகு, மலாக்கா வணிகர்களும் குடும்பங்களோடு வாழ்ந்த சிறு குடியிருப்பு. நாம் காட்டுக்கோயில் என்றழைக்கும் லஸ் ஆலயத்தின் கல்வெட்டு 1516ஆம் ஆண்டைக் குறிக்கிறது; பரங்கிமலைச் சிலுவை இன்னும் மண்ணுக்குள் இருந்தது, இரண்டாண்டு கழித்து 1547இல்தான் வெளிப்பட்டது. இன்று நாம் காணும் ஓங்கிய கோபுரம் 1896இல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயத்தினுடையது. சவேரியார் கண்டது கல்லறையை அணைத்து நின்ற எளிய கோயில். அதன் பங்குக்குரு காஸ்பர் கொயெலோ தம் வீட்டிலேயே அவருக்கு இடம் கொடுத்தார். வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையே ஒரு தோட்டம்.

அவர் மனத்தில் இருந்த கேள்வி இதுதான். கிழக்கே, மக்காசார் தீவில், அரசர் இருவர் தம் மக்களோடு திருமுழுக்குப் பெற்றுவிட்டனர். கற்பிக்கக் குருக்கள் வேண்டும் என்று செய்தி வந்திருந்தது. தமிழகக் கரையோ இன்னும் காயம் ஆறாமல் கிடந்தது. தம் பிள்ளைகளை விட்டுப் போவது அழைத்தலா, தப்பித்தலா? தோற்றுப்போன இடத்திலிருந்து புதிய இடத்துக்குப் போக எவருக்குத்தான் மனம் வராது? அவருக்கு முடிவு சொல்ல மேலாளர் எவரும் அருகில் இல்லை. உரோமைக்கு எழுதி விடை பெற ஆண்டுகள் ஆகும்.

இரவில் கொயெலோ உறங்கிவிட்டார் என்று எண்ணிச் சவேரியார் எழுந்து, தோட்டத்தைக் கடந்து, கோயிலை ஒட்டிய சிற்றிடத்தில் செபிக்கச் செல்வார். இரவில் தனியே போகாதீர், அங்கே பேய்கள் நடமாடுகின்றன என்று கொயெலோ எச்சரித்திருந்தார். அவர் சிரித்துவிட்டுச் சென்றார். ஓரிரவு பெரும் ஓலம் கேட்டது. அருகில் படுத்திருந்த இளைஞன் ஒருவன், சவேரியார் அன்னை மரியாவைத் திரும்பத் திரும்ப உதவிக்கு அழைத்ததைக் கேட்டான். அதன்பின் இரண்டு நாள் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. நடந்ததைப் பற்றி வாய் திறக்கவுமில்லை. இளைஞனிடமிருந்து விவரம் அறிந்த கொயெலோ பின்பு அதே சொற்களைச் சொல்லி அவரைக் கேலி செய்வாராம். சவேரியார் முகம் சிவந்து புன்னகைப்பாராம். அலகையின் தாக்குதல் என்று பழைய ஆசிரியர்கள் எழுதினர். பாறைகளில் தவித்தவர்களும் மன்னாரில் வெட்டுண்டவர்களும் அவ்விரவில் அவர் முன் நின்றிருப்பார்கள் என்று எண்ணுவோரும் இருக்கலாம். எப்படியாயினும், உதவிக்குக் கூப்பிட்டார் என்பதே என்னைத் தொடுகிறது. விசுவாசத்தில் முதிர்ந்தவர் கூப்பிடமாட்டார் என்று நாம் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மே 8ஆம் நாள் கோவாவிலிருந்த தம் தோழர்களுக்கு மயிலையிலிருந்து எழுதிய மடலில் தெளிவு வந்துவிட்டது. இந்தத் திருவிடத்தில் இறைவன் தம் திருவுளத்தை உள்ளத்தில் உணர்த்தும்படி மன்றாடினேன், மிகுந்த ஆறுதலோடு அதை உணர்ந்தேன், மலாக்கா வழியே கிழக்கு நோக்கிச் செல்வதே அது என்று தெரிவிக்கிறார். இனிச் செல்லாதிருந்தால் இறைவனுக்கு எதிராக நடந்தவன் ஆவேன் என்கிற உறுதி. போர்த்துக்கீசியக் கப்பல் கிடைக்காவிட்டால் இசுலாமியர் கப்பலிலோ பிற சமயத்தார் கப்பலிலோ செல்வாராம். அதுவும் இல்லையென்றால்? இக்கரையிலிருந்து ஒரு கட்டுமரம் புறப்பட்டாலும் இறைவனை நம்பி அதில் ஏறிவிடுவாராம். நம் மயிலைக் கடற்கரையில் கிடந்த கட்டுமரங்களைப் பார்த்துக்கொண்டே அவர் அந்தச் சொல்லை எழுதியிருக்க வேண்டும். நம் தமிழ்ச் சொல் அவர் மடலில் அப்படியே ஏறிவிட்டது.

தெளிவு வந்தது மே திங்களில். ஆனால் மலாக்காவுக்குக் கப்பல் புறப்படும் பருவம் ஆகஸ்டு இறுதி. அழைத்தலை அறிந்த பின்னும் ஏறத்தாழ நான்கு திங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இது சற்று வியப்பான காத்திருப்பு. அறியும்வரை காத்திருப்பது ஒரு வகை; அறிந்த பின் காத்திருப்பது வேறு. குருமடத்தில் சேர விரும்பி, வீட்டுச் சூழ்நிலையால் ஆண்டுகள் கடத்தும் இளைஞர்களையும், துறவற ஆவலை நெஞ்சில் வைத்துக்கொண்டு நோயுற்ற தாயைப் பேணும் பெண்களையும் நான் கண்டிருக்கிறேன். இரண்டாம் வகையே கடினமானது என்று அவர்கள் சொல்வார்கள்.

அந்தத் திங்கள்களைச் சவேரியார் வீணாக்கவில்லை. சாந்தோம் மக்களுக்குப் போதித்தார், ஒப்புரவு கேட்டார், குடும்பச் சண்டைகளைத் தீர்த்தார். முப்பத்தைந்து வயதுள்ள வணிகர் ஒருவர், முன்பு போர்வீரராக இருந்தவர், யோவான் தெ எய்ரோ என்பவர், அவரிடம் ஒப்புரவு செய்ய வந்தார். தம் கப்பலையும் சரக்கையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு உடன்வர முன்வந்தார். சில நாள்களில் மனம் மாறியது. மறைவாக ஒரு மரக்கலம் வாங்கி ஊரைவிட்டுப் போக ஆயத்தமானார். சவேரியார் ஆளனுப்பி அழைத்து, நீர் பாவம் செய்துவிட்டீர் என்று அமைதியாகச் சொன்னார். எய்ரோ நடுங்கிப்போனார், அந்தக் கலத்தையும் விற்றார். மலாக்காவுக்குச் சென்ற கப்பலில் அவரும் இருந்தார்.

செப்டம்பர் இறுதியில் மலாக்கா. அங்கேயும் மூன்று திங்கள் மக்காசாரிலிருந்து செய்தி வரக் காத்திருந்தார். வரவில்லை. 1546 சனவரி முதல் நாள் அம்போன் தீவை நோக்கிக் கப்பலேறினார். மயிலையில் அத்தனை உறுதியோடு அவர் பெயர் சொன்ன மக்காசாரில் அவர் காலடி படவே இல்லை. பவுலடியார் பித்தினியாவுக்குப் போக முயன்று துரோவாவுக்கு வந்ததைத் திருத்தூதர் பணியில் படிக்கிறோம் அல்லவா? மயிலையில் அவர் கேட்டது ஓர் ஊரின் பெயர் அன்று, ஒரு திசை. அந்தத் திசையிலேயே போனதால் 1547 இறுதியில் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்தார். 1549 ஆகஸ்டு 15ஆம் நாள் ககோசிமாவில் இறங்கினார்.

மன்சிலாசைப் பற்றியும் ஒரு சொல். மொலுக்காஸ் தீவுகளுக்கு வரும்படி சவேரியார் பணித்தபோது அவர் வரவில்லை. 1548இல் இயேசு சபையிலிருந்து நீக்கப்பட்டார். அதே சோதனைகளை, அதே கரையில், அதே ஆண்டில் பட்டவர் அவர். துன்பம் பட்டோர் எல்லாரையும் துன்பம் ஒரே விதமாக வனைவதில்லை. ஆயினும் தமக்கு வந்த மடல்களை அவர் எறிந்துவிடவில்லை, பத்திரமாக வைத்திருந்தார். குமரிப் பாறைகளையும், தளபதிக்குச் சென்ற தண்ணீரையும், நாகையின் ஏமாற்றத்தையும் நாம் இன்று அறிந்திருப்பது அந்த மனிதர் காத்துவைத்த தாள்களால்.

1552இல் சவேரியார் மறுபடியும் ஒரு கடற்கரையில் கலத்துக்காகக் காத்திருந்தார். சீனக் கரையை அடுத்த சாங்சுவான் தீவு. மிளகைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு காண்டனில் இறக்கிவிடுவதாக வாக்களித்த வணிகன் வரவில்லை. காய்ச்சல் வந்தது. அந்தோனி என்னும் சீன இளைஞர் அருகிலிருக்க, டிசம்பர் 3ஆம் நாள் விடியுமுன் உயிர் பிரிந்தது. அவர் கழுத்தில் சிறு சிமிழ் ஒன்று இருந்தது. அதனுள் இஞ்ஞாசியாரின் கையொப்பமும், தம் துறவற வார்த்தைப்பாட்டின் வாசகமும், தோமையாரின் எலும்பின் ஒரு சிறு துணுக்கும் இருந்தன.