ஜாவா நிரலாக்க மொழியும் நீதிமன்ற வழக்குகளும்

ஜாவா என்பது அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் தலைமையிலான குழுவினர் உருவாக்கி, 1995இல் வெளியிடப்பட்ட நிரலாக்க மொழியாகும். இம்மொழி தொடர்பாக 1997 முதல் 2021 வரை அமெரிக்க நீதிமன்றங்களில் பல பெரிய வழக்குகள் நடைபெற்றன. சன், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள், கூகுள் ஆகிய நிறுவனங்கள் இவற்றில் மோதிக்கொண்டன. உரிம ஒப்பந்தம், ஏகபோகத் தடுப்பு, பதிப்புரிமை என வழக்குகள் வெவ்வேறு சட்டங்களின் கீழ் வந்தாலும், அவற்றின் அடியில் இருந்த கேள்வி ஒன்றுதான்: ஒரு மென்பொருள் மற்றொரு மென்பொருளோடு பேசும் வழி யாருக்குச் சொந்தம்?

பின்னணி

1990களில் மேசைக் கணினிகளில் பெரும்பான்மையானவை மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் இயங்குதளத்தில் இயங்கின. விண்டோசுக்காக எழுதிய நிரல் வேறு இயங்குதளத்தில் ஓடாது. ஆகவே நிரலாளர்கள் விண்டோசுக்கே எழுதினர். நிரல்கள் மிகுதியாகக் கிடைத்ததால் மக்களும் விண்டோஸ் கணினிகளையே வாங்கினர். இந்தச் சுழற்சியை உடைப்பது புதிய போட்டியாளர் எவருக்கும் கடினமாக இருந்தது.

ஜாவா இதற்கு மாற்று வழி காட்டியது. ஜாவாவில் எழுதிய நிரல், 'ஜாவா மெய்நிகர் பொறி' என்னும் இடைநிலை மென்பொருளின் மேல் ஓடும். அந்தப் பொறி எந்தக் கணினியில் இருந்தாலும் அதே நிரல் அங்கு இயங்கும். ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்பதே ஜாவாவின் வாக்குறுதி. அது முழுமையாக நிறைவேறினால், அடியில் இருப்பது விண்டோசா வேறொன்றா என்பது பயனருக்குப் பொருட்டாக இராது.

சன் எதிர் மைக்ரோசாஃப்ட்

1996இல் மைக்ரோசாஃப்ட் சன்னிடம் ஜாவாவுக்கான உரிமம் பெற்றது. பின்னர் அது வெளியிட்ட ஜாவாவில் விண்டோசில் மட்டும் செயல்படும் கூறுகள் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றைப் பயன்படுத்தி எழுதிய நிரல்கள் மற்ற கணினிகளில் ஓடவில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இயங்க வேண்டும் என்ற உரிம நிபந்தனை மீறப்பட்டதாக 1997 அக்டோபரில் சன் வழக்குத் தொடுத்தது. 2001 சனவரியில் மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் செலுத்த இசைந்ததோடு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதற்கு முன்பே, 2000இல், மைக்ரோசாஃப்ட் சி-ஷார்ப் என்னும் தனது சொந்த மொழியை அறிவித்திருந்தது.

ஏகபோகத் தடுப்பு வழக்கு

1998 மே மாதம் அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மீது ஏகபோகத் தடுப்பு வழக்குத் தொடுத்தன. நெட்ஸ்கேப் உலாவியை ஒடுக்கியது முதன்மைக் குற்றச்சாட்டாக இருந்தாலும், ஜாவாவை நடத்திய விதமும் விசாரணையில் முக்கிய இடம் பெற்றது. உலாவி, ஜாவா ஆகிய இரண்டுமே விண்டோசின் மேல் அமர்ந்து, அதன் முக்கியத்துவத்தைக் குறைக்கக்கூடியவை என்பதே இதற்குக் காரணம்.

நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் மைக்ரோசாஃப்டை இரு நிறுவனங்களாகப் பிரிக்க 2000 சூன் மாதம் ஆணையிட்டார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. ஆயினும் சட்டத்துக்குப் புறம்பான வழிகளில் ஏகபோகம் காக்கப்பட்டது என்ற முடிவை அது உறுதி செய்தது. ஜாவாவைப் பொறுத்தவரை அந்த நீதிமன்றம் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டியது. சன்னின் ஜாவாவோடு பொருந்தாத, ஆனால் விண்டோசில் விரைவாக ஓடும் ஒன்றைத் தயாரிப்பது மட்டுமே குற்றமாகாது. விண்டோசில் மட்டும் ஓடும் நிரலை உருவாக்கும் கருவிகளை, எங்கும் ஓடும் நிரலை உருவாக்குபவை என்று நிரலாளர்கள் நம்பும்படி விட்டது குற்றம்.

இத்தீர்ப்பின் பலத்தில் சன் 2002 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் மீது தனியே ஏகபோகத் தடுப்பு வழக்குத் தொடுத்தது. 2004 ஏப்ரலில் இரு நிறுவனங்களும் உடன்பாடு கண்டன. ஏகபோகப் புகார்களுக்காக 70 கோடி டாலரும், காப்புரிமைகள் தொடர்பாக 90 கோடி டாலரும் மைக்ரோசாஃப்ட் சன்னுக்கு வழங்கியது.

ஆண்ட்ராய்டும் ஜாவாவும்

2005இல் கூகுள் ஆண்ட்ராய்டு என்ற சிறு நிறுவனத்தை வாங்கிக் கைப்பேசி இயங்குதளம் ஒன்றை உருவாக்கத் தொடங்கியது. ஜாவா அறிந்த நிரலாளர்கள் ஏராளமாக இருந்ததால் அவர்களை ஈர்க்க விரும்பிய கூகுள், சன்னுடன் உரிமம் பற்றிப் பேசியது. பேச்சு பலிக்கவில்லை. எனவே தேவையான நிரல்களைக் கூகுள் தானே எழுதிக்கொண்டது. ஆனால் ஜாவாவின் 37 தொகுப்புகளுக்குரிய அறிவிப்பு வரிகளை, அதாவது ஏறத்தாழ 11,500 வரிகளை, அப்படியே எடுத்தாண்டது.

இந்த அறிவிப்பு வரிகள் செயலி நிரலாக்க இடைமுகத்தின், சுருக்கமாக ஏபிஐயின், பகுதியாகும். இரண்டு எண்களில் பெரியது எது என்று அறியும் செயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் என்ன, அது எந்தத் தொகுப்பில் உள்ளது, அதற்கு எதைக் கொடுக்க வேண்டும், அது எதைத் திருப்பித் தரும் என்பவற்றைச் சொல்வது அறிவிப்பு வரி. எண்களை உண்மையில் ஒப்பிட்டு விடை காண்பது செயலாக்க நிரல். கூகுள் எடுத்தது முன்னதை. தானே எழுதியது பின்னதை.

2007 நவம்பரில் ஆண்ட்ராய்டு அறிவிக்கப்பட்டபோது சன்னின் தலைமை அதிகாரி ஜோனதன் சுவார்ட்ஸ் வெளிப்படையாக வாழ்த்துத் தெரிவித்தார். நிலைமை 2010 சனவரியில் மாறியது. அப்போது சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குச் சென்றது. அவ்வாண்டு ஆகத்து மாதத்திலேயே ஆரக்கிள் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது.

ஆரக்கிள் எதிர் கூகுள்

வழக்கு கலிபோர்னியாவில் நீதிபதி வில்லியம் ஆல்சப் முன் வந்தது. அவர் நிரல் எழுதத் தெரிந்தவர். கூகுள் காப்புரிமைகளை மீறவில்லை என 2012இல் ஜூரிகள் முடிவு செய்தனர். பதிப்புரிமை பற்றி ஆல்சப் தாமே தீர்ப்பளித்தார். இந்த ஏபிஐகள் ஒரு செயல்முறையின் கூறுகள். செயல்முறைக்குப் பதிப்புரிமை கிடையாது என்றார்.

2014 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை மாற்றி, ஏபிஐகளுக்குப் பதிப்புரிமை உண்டு என்றது. எஞ்சியது 'நியாயமான பயன்பாடு' என்ற விதிவிலக்கு மட்டுமே. 2016இல் நடந்த இரண்டாம் விசாரணையில் ஆரக்கிள் ஏறத்தாழ 900 கோடி டாலர் இழப்பீடு கோரியது. ஜூரிகள் கூகுளின் பயன்பாடு நியாயமானதே என்றனர். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் மாற்றியது. இவ்வாறு கீழ்நிலையில் இரு முறை கூகுளும், மேல்நிலையில் இரு முறை ஆரக்கிளும் வென்றன.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

கொரோனா பெருந்தொற்றால் தள்ளிப்போன வாதங்கள் 2020 அக்டோபரில் தொலைபேசி வழியாக நடந்தன. 2021 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 2 என்ற பெரும்பான்மையில் கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரையர், ஏபிஐக்குப் பதிப்புரிமை உண்டு என்று வாதத்துக்காக வைத்துக்கொண்டாலும் கூகுளின் செயல் நியாயமான பயன்பாடே என்றார். எடுக்கப்பட்டவை மொத்த 28.6 இலட்சம் வரிகளில் 0.4 விழுக்காடு மட்டுமே என்பதையும், நிரலாளர்கள் தாம் கற்ற திறனைப் புதிய தளத்தில் பயன்படுத்தவே அவை தேவைப்பட்டன என்பதையும் அவர் சுட்டினார். நீதிபதிகள் கிளாரன்ஸ் தாமசும் சாமுவேல் அலிட்டோவும் மாறுபட்டனர். முதன்மைக் கேள்வியைத் தாண்டிச் சென்றது தவறு என்றும், கூகுளின் செயல் ஆரக்கிளின் சந்தையைக் குலைத்தது என்றும் தாமசு எழுதினார்.

முக்கியத்துவம்

இந்த வழக்குகளில் நிறுவனங்களின் நிலைப்பாடு அவற்றின் இடத்தைப் பொறுத்து மாறியது. 2013இல் மேல்முறையீட்டில் ஆரக்கிளை ஆதரித்த மைக்ரோசாஃப்ட், 2020இல் உச்ச நீதிமன்றத்தில் கூகுளை ஆதரித்தது. விண்டோசின் ஏகபோகத்தை உடைக்கக்கூடியதாக அரசுத் தரப்பு காட்டிய அதே ஜாவாவே, பின்னாளில் ஆரக்கிளின் கையில் மற்றொரு தளத்துக்கு எதிரான ஆயுதமானது.

ஏபிஐகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் நேரடியாக விடை சொல்லவில்லை. ஐரோப்பாவில் நிலை வேறு. ஒரு நிரலின் செயற்பாட்டுக்கும் நிரலாக்க மொழிக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இலேயே கூறிவிட்டது. அமெரிக்காவிலோ, பிறருடைய ஏபிஐயைப் பின்பற்றி எழுதுபவர் தம் பயன்பாடு நியாயமானது என்பதை வழக்குக்கு வழக்கு நிறுவ வேண்டியுள்ளது. பத்தாண்டுக்கு மேல் வழக்காட வசதியுள்ள கூகுளுக்கு அது இயன்றது. சிறு நிறுவனத்துக்கும் தனி நிரலாளருக்கும் அது எளிதன்று.