விரலியில் வந்த மென்பொருள்

"லினக்ஸ் இலவசம்தான் சார், ஆனா லைன் இல்லாத லேப்ல ஒரு மென்பொருளைக்கூட ஏத்த முடியலையே!" என்று கேட்காத கணினி ஆசிரியர் குறைவு. இந்தத் தலைவலிக்கு 30 ஆண்டு வரலாறு உண்டு.

1993இல் ஸ்லாக்வேர் வந்தபோது மென்பொருள்கள் நெகிழ்வட்டுகளில் வந்தன. எதற்கு எது துணை என்று பார்ப்பது நம்ம பாடு. அதே ஆண்டு இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். டெபியனின் டிபிகேஜி, பிறகு 1995இல் ரெட் ஹாட்டின் ஆர்பிஎம் ஆகியவற்றில், தனக்கு வேறு எந்தப் பொதிகள் வேண்டும் என்ற விவரம் பொதிக்குள்ளேயே இருந்தது. ஆனால், "அது இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். போய் எடுத்து வராது. விருந்துக்கு ஒருவரை அழைத்தால், "இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டால்தான் வருவேன்" என்பது மாதிரி!

1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1 இதற்கு ஏபிடி என்ற கருவியைத் தந்தது. அந்த நாலு பேரையும் அதுவே கூட்டி வந்தது, குறுவட்டிலிருந்தும்கூட. ஆனால் அகன்ற அலைவரிசை பெருகியதும் எல்லா வீட்டிலும் இணையம் இருக்கும் என்றே செய்பவர்கள் நினைத்துக்கொண்டார்கள். 2004இல் வந்த உபுண்டு ஒரே குறுவட்டுதான். கேட்டவர்களுக்கு 2011 வரை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள், பெரிய மனசுதான். ஆனால் உரிமச் சிக்கலால் எம்பி3 பாட்டைக் கேட்கத் தேவையான பொதி அதில் இல்லை. அதற்கு இணையம் வேண்டும்!

இந்த இடைவெளியை நன்றாக அடைத்தது ரிதேஷ் ராஜ் சராஃப் எழுதிய ஏபிடி-ஆஃப்லைன். இணையமில்லாத கணினியில் 'செட்' கட்டளை கொடுத்தால், அந்தக் கணினியில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்து, தேவையானவற்றை மட்டும் ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். கடைக்குப் போகுமுன் அடுக்களையைப் பார்த்துச் சீட்டு எழுதுவது போலத்தான். அதை விரலியில் எடுத்துப்போய், இணையமுள்ள கணினியில் 'கெட்' கொடுக்க வேண்டும். அது விண்டோஸாக இருந்தாலும் பரவாயில்லை. திரும்பி வந்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் இறக்கியவை ஏபிடியின் கைக்கு வந்துவிடும். பிறகு வழக்கம்போல் ஏபிடியிலேயே நிறுவலாம்.

ஆப்இமேஜ் வேறு வழி: துணைகளையும் ஒரே கோப்புக்குள் கட்டிக்கொண்டு வரும். வசதிதான், ஆனால் கோப்பு பருத்துவிடும். புதுப்பிப்பதும் தனித்தனி வேலை. லேப் முழுக்க ஒரே பதிப்பு, ஒரே மாதிரி நிறுவல் என்றால் எனக்கு முதல் வழியே பிடிக்கும். ஒரு கணினிக்குச் சீட்டு எழுதினால் போதும், அதே விரலியை வரிசையாக எல்லாவற்றிலும் செருகலாம். பதிப்போ நிறுவலோ மாறினால் சீட்டைப் புதிதாக எழுதுங்கள்.