மான்ட்கோமரி இல்லத்தில் ஒரு துப்பாக்கி

தன் உயிரையும் தன்னைச் சார்ந்தோரின் உயிரையும் காப்பதற்காக ஒருவர் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? சட்ட நூல்களும் ஒழுக்க நூல்களும் இக்கேள்விக்கு அமைதியாக விடை கூறுகின்றன. ஆனால் கொலை மிரட்டல்களுக்கு நடுவே, கைக்குழந்தை உறங்கும் வீட்டில், விடியும்வரை விழித்திருக்கும் தகப்பனுக்கு அந்த அமைதி வாய்ப்பதில்லை. 1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரில், இருபத்தேழு வயதான ஒரு போதகர் இக்கேள்வியின் முன் நின்றார். அவர் பெயர் மார்ட்டின் லூதர் கிங். அறப்போரின் அடையாளமாக உலகம் போற்றும் அவருடைய இல்லத்தில் ஒரு காலத்தில் துப்பாக்கி இருந்தது என்பதைப் பலர் அறியார். அது அங்கே வந்ததும், பின்னர் அங்கிருந்து அகன்றதும் எவ்வாறு என்பது நம் சிந்தனைக்குரிய வரலாறு.

1955 டிசம்பர் 1ஆம் நாள், ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, நகரப் பேருந்தில் வெள்ளையர் ஒருவருக்குத் தம் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்ததால் கைது செய்யப்பட்டார். டிசம்பர் 5ஆம் நாள் கறுப்பின மக்கள் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினர். அதன் தலைமை, டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் ஆலயத்தின் இளம் போதகராகிய கிங்கின் தோள்மேல் வந்து விழுந்தது. அன்றுமுதல் அவர் வீட்டுத் தொலைபேசி ஓய்ந்ததில்லை. வசைமொழிகளும் கொலை மிரட்டல்களும் இரவுபகலாக வந்தன. 1956 ஜனவரி 30ஆம் நாள் இரவு, அவர் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் வீட்டு முன்தாழ்வாரத்தில் குண்டு வெடித்தது. உள்ளே அவருடைய மனைவி கொரெட்டாவும், பிறந்து பத்து வாரமே ஆன மகளும் இருந்தனர். முன்னறையில் இருந்த கொரெட்டா ஏதோ வந்து விழுந்த ஓசை கேட்டுப் பின்பக்கம் விரைந்ததால் தீங்கின்றித் தப்பினார்.

செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்கள் வீட்டின்முன் திரண்டனர். பலர் கைகளில் ஆயுதம் இருந்தது. நகரத் தலைவரும் காவல்துறை ஆணையரும் அங்கே வந்திருந்தனர். எவரேனும் ஒருவர் ஒரு கல்லை எறிந்திருந்தாலும் அந்த இரவு குருதியில் முடிந்திருக்கும். சிதைந்த தாழ்வாரத்தில் நின்ற கிங், ஆயுதங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லுமாறு மக்களை வேண்டினார். வாளை எடுப்போரைக் குறித்து ஆண்டவர் இயேசு பேதுருவுக்குக் கூறிய எச்சரிக்கையை நினைவூட்டினார். மக்கள் கலைந்து சென்றனர்.

இதுவரை பலரும் அறிந்த கதை. இதன் அடுத்த பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குண்டுவெடிப்புக்குப் பின், ஆலயப் பொறுப்பாளர்களும் நண்பர்களும், அவருடைய தந்தையும்கூட, ஆயுதம் தாங்கிய காவலர்களை அமர்த்துமாறு கிங்கை வற்புறுத்தினர். அவர் ஷெரீப் அலுவலகத்திற்குச் சென்று, காரில் துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. நாட்டில் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. விண்ணப்பித்தவரின் வீட்டில் குண்டு வெடித்ததோ ஊரறிந்த செய்தி. உயிருக்கு ஆபத்து உண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமோ? குடிமகனைக் காக்கக் கடமைப்பட்ட அரசு காக்கவும் இல்லை. தன்னைத் தானே காத்துக்கொள்ள அவன் கேட்ட உரிமத்தைத் தரவும் இல்லை.

ஆயினும் உரிமம் மறுக்கப்பட்டதால் மட்டும் அந்த வீடு ஆயுதமற்றதாகிவிடவில்லை. பிப்ரவரி மாத இறுதியில், பேயார்ட் ரஸ்டின் என்பவர் நியூயார்க்கிலிருந்து மான்ட்கோமரிக்கு வந்தார். இவர் காந்தியடிகளின் வழியை ஆழ்ந்து பயின்றவர். இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர மறுத்துச் சிறை சென்றவர். இவருடன் கிங்கின் இல்லத்திற்கு வந்த செய்தியாளர் ஒரு நாற்காலியில் அமரப்போனபோது, அதில் துப்பாக்கி கிடப்பதைக் கண்ட ரஸ்டின் கூவித் தடுத்தார். சில நாட்களில் அங்கு வந்த கிளென் ஸ்மைலி என்னும் வெள்ளையினப் போதகரும், அந்த வீடு ஓர் ஆயுதச் சாலைபோல் இருந்ததாக எழுதினார். தற்காப்புக்கு மட்டுமே இவை என்பது கிங்கின் விளக்கம். அதில் பொய்யில்லை.

இங்கே சற்று நின்று, திருச்சபையின் மரபை எண்ணிப் பார்ப்பது தகும். ஹிப்போ நகர ஆயர் புனித அகுஸ்தினார், தனி மனிதர் தம் உயிரைக் காக்கப் பிறரைக் கொல்வதை ஏற்கவில்லை. பொது நலனுக்காகப் பணியாற்றும் போர்வீரருக்கும் அலுவலருக்கும் மட்டுமே அவர் விலக்கு அளித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் வேறு நோக்கில் ஆராய்ந்தார். தற்காப்புச் செயலுக்கு இரு விளைவுகள் உண்டு: ஒன்று தன் உயிர் காக்கப்படுதல், மற்றொன்று தாக்குபவன் இறத்தல். முதலாவதையே நாடி, தேவைக்கு மிஞ்சாத வலிமையைக் கையாள்பவர் குற்றவாளி அல்லர் என்று அவர் கற்பித்தார். 1992இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதையே பின்பற்றுகிறது. பிறருடைய உயிருக்குப் பொறுப்பேற்றவருக்குத் தற்காப்பு உரிமையாக மட்டுமன்றிக் கடுமையான கடமையாகவும் அமையக்கூடும் என்றும் அது கூறுகிறது.

எனவே கிங்குக்கு உரிமை இருந்தது என்பதில் ஐயமில்லை. அவர் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவராயினும், நம் மரபின் அளவுகோலாலும் அவரைக் குறைகூற இயலாது. அவர் சுமந்த சுமை இரட்டிப்பானது என்பதையும் நாம் உணர வேண்டும். தன் உயிரைத் தியாகம் செய்ய ஒருவர் துணியலாம். மனைவியின் உயிரையும் குழந்தையின் உயிரையும் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை?

இந்த இடத்தில்தான் அவ்வரலாற்றின் மிக அரிய செய்தி ஒன்று உள்ளது. அந்த முடிவைக் கிங் தனியாக எடுக்கவில்லை. வன்முறையற்ற இயக்கத்திற்குத் தலைமை தாங்கிக்கொண்டே தம் பாதுகாப்புக்கு வன்முறைக் கருவியை நாடுவது எப்படி என்ற கேள்வியைக் கணவனும் மனைவியும் சேர்ந்து பல நாட்கள் பேசினர். ஆயுதம் தீர்வாகாது என்று இறுதியில் இருவரும் ஒப்பினர்; தங்களிடம் இருந்த துப்பாக்கியை அகற்றினர். குண்டு வெடித்தபோது அவ்வீட்டில் இருந்தவர் கொரெட்டா. அவருடைய இசைவு இல்லாதிருந்தால் அந்தத் துறவு, ஒருவர் மற்றொருவர்மேல் சுமத்திய ஆபத்தாகவே இருந்திருக்கும்.

ஆயுதத்தைத் துறந்தவர்கள் விவேகத்தைத் துறக்கவில்லை. வீட்டைச் சுற்றிலும் ஒளிமிகு விளக்குகள் பொருத்தப்பட்டன. ஆயுதம் ஏந்தாத காவலர்கள் இரவும் பகலும் அமர்த்தப்பட்டனர். நகரில் தனியே செல்வதில்லை என்று கிங் நண்பர்களுக்கு வாக்களித்தார். கடவுள் காப்பார் என்று கூறிக் கதவைத் திறந்துவைப்பது விசுவாசம் ஆகாது. அது கடவுளைச் சோதிப்பது. இதனை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அந்நாட்களைப் பின்னர் நினைவுகூர்ந்த கிங், வீட்டில் துப்பாக்கி இருந்த காலத்தில்தான் தாம் மிகுதியாக அஞ்சியதாகக் கூறினார். துப்பாக்கி வேண்டாம் என்று முடிவு செய்தபோது, மரணம் என்னும் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியதாயிற்று. அதைச் சந்தித்தபின் அச்சம் அகன்றது என்றார். இது ஆழ்ந்த அனுபவ உண்மை. துப்பாக்கியை அருகில் வைத்திருப்பவர் ஒவ்வோர் ஓசையையும் துப்பாக்கியின் காதுகொண்டே கேட்கிறார். வாயிலில் நிற்பவர் விருந்தினரா பகைவரா என்று கணிப்பதிலேயே அவர் மனம் உழல்கிறது. கருவி கையில் இருக்கும்வரை, சாவைக் குறித்துத் தீர்மானிக்க வேண்டியதை அவர் நாளைக்கு நாளை எனத் தள்ளிப்போடலாம். அது இல்லாதபோது அந்தத் தவணை கிடைப்பதில்லை.

ஷெரீப் உரிமம் மறுத்தபோது கிங் ஆயுதம் மறுக்கப்பட்டவராக இருந்தார். தாமே அதை அகற்றியபோது ஆயுதம் துறந்தவர் ஆனார். வெளிப்பார்வைக்கு இரு நிலைகளும் ஒன்றே. ஆனால் முன்னது அவமதிப்பு, பின்னது விடுதலை.

இதனால் அவர் மற்றவர்களை இகழ்ந்தாரா? இல்லை. 1959ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அவர் கொரெட்டாவுடன் இந்தியாவிற்கு வந்து, காந்தியடிகளின் நாட்டைக் கண்டு, தென்கோடியில் நம் கன்னியாகுமரி வரை பயணம் செய்தார். அதே ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், தற்காப்புக்காக ஆயுதம் ஏந்துவதைக் காந்தியடிகளும்கூட, தூய அகிம்சையைக் கடைப்பிடிக்க இயலாதவர்கள் பொருட்டு, கண்டித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். கோழைத்தனத்தைவிட வன்முறை மேல் என்று 1920இலேயே காந்தியடிகள் எழுதியிருந்தார் அன்றோ! ஆனால் தற்காப்புக்கென ஏந்திய ஆயுதத்தை இயக்கத்தின் வழியாக்குவதைக் கிங் எதிர்த்தார்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1964இல் லூசியானா மாநிலத்து ஜோன்ஸ்பரோவில், ‘தற்காப்புக்கும் நீதிக்குமான திருத்தொண்டர்கள்’ என்ற பெயரில் கறுப்பினத்தவர் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அவர்களுள் முன்னாள் படைவீரர்கள் பலர். சட்டம் காக்காத ஊர்களில், அறவழியில் போராடிய இளைஞர்களின் உறைவிடங்களை அவர்கள் துப்பாக்கியுடன் காவல் காத்தனர். 1966இல் மிசிசிப்பியில் கிங் பங்கேற்ற நெடும்பயணத்திற்கும் அவர்கள் காவலாக வந்தனர். ஆயுதம் துறந்தவர் நடந்த பாதையில் ஆயுதம் ஏந்தியவரின் காவலும் இருந்தது. வரலாறு நம் வசதிக்கேற்ப நேர்கோட்டில் செல்வதில்லை.

எந்த வழி உயிரைக் காத்தது என்று கேட்போர்க்கும் எளிய விடை இல்லை. மிசிசிப்பியில் கறுப்பின உரிமைக்காக உழைத்த மெட்கர் எவர்ஸ் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருந்தவர். 1963 ஜூன் 12ஆம் நாள், காரை விட்டு இறங்கித் தம் வீட்டு வாயிலை நோக்கி நடந்தபோது, மறைந்திருந்தவன் பின்னிருந்து சுட்ட குண்டுக்கு அவர் இரையானார். துப்பாக்கியைத் துறந்த கிங்கும், 1968 ஏப்ரல் 4ஆம் நாள், தமது முப்பத்தொன்பதாம் வயதில், மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதம் வைத்திருந்தவரும் மாண்டார், வைத்திராதவரும் மாண்டார். ஆகவே, துறந்தால் பிழைக்கலாம் என்று எவருக்கும் போதிக்க இயலாது. கொரெட்டாவும் கிங்கும் அப்படி எதிர்பார்த்து அந்த முடிவுக்கு வரவும் இல்லை.

அவர்களுக்குக் கிடைத்தது வேறு. அச்சத்தால் ஆளப்படாத பன்னிரண்டு ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தன. 1956 டிசம்பரில், 381 நாட்களுக்குப் பின், பேருந்துப் புறக்கணிப்பு வெற்றியுடன் முடிந்தது. அடுத்த மாதமே, 1957 ஜனவரி 27இல், அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் பன்னிரண்டு வெடிகுச்சிகள் புகைந்த நிலையில், வெடிக்காமல் கண்டெடுக்கப்பட்டன. அப்போதும் அவர் துப்பாக்கியை நாடவில்லை. 1962இல் பர்மிங்ஹாம் நகரில் மேடையேறி ஒருவன் அவர் முகத்தில் குத்தியபோது, அவர் கைகளைத் தாழ்த்தி நின்றார். அவன்மேல் வழக்குத் தொடரவும் மறுத்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் வீட்டிலிருந்து அகன்ற ஆயுதம், உள்ளத்திலிருந்தும் அகன்றுவிட்டதற்கு அது சான்று.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. எனவே இக்கேள்வி நம்மில் பலருடைய வாயிலுக்கு இதே வடிவில் வருவதில்லை. ஆயினும் அச்சம் நம் இல்லங்களுக்கும் வருகிறது. அதற்கு ஏதேனும் ஒரு படைக்கலத்தை நாமும் தேடுகிறோம். அவ்வேளையில் எனக்கு உரிமை உண்டா என்று கேட்பது முறையே. திருச்சபையும் அந்த உரிமையை மறுக்கவில்லை. ஆனால் மான்ட்கோமரி இல்லத்தில் கணவனும் மனைவியும் அதற்கு அப்பாலும் சென்று கேட்டனர்: இதை வைத்துக்கொண்டால் நாம் யாராக மாறுவோம்? இந்த வினாவைச் சட்டம் நம்மிடம் கேட்காது. குடும்பமாக அமர்ந்து, செபத்தோடு, நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.