வயிற்றுவலி மாத்திரையும் ஊமத்தையும்

வயிற்றை முறுக்கிப் பிடித்து வலிக்கிறது என்று டாக்டரிடம் போனால் எழுதித் தரும் மாத்திரைகளின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெஃபெனமிக் ஆசிட் அல்லது பாராசிட்டமால் இருக்கும். கூடவே பலவற்றில் டைசைக்ளோமின் என்று ஒரு பெயர், 10 அல்லது 20 மில்லிகிராம் அளவில். மாதவிடாய் வலிக்கும் இதுதான், குடல் பிடிப்புக்கும் இதுதான். சில வாரமாக இந்தப் பெயரின் பின்னாலேயே திரிந்துகொண்டிருக்கிறேன். (நான் இன்ஜினியர், டாக்டர் இல்லை. வரலாறு மட்டும்தான் என் ஏரியா.)

இதன் பூர்வீகம் நம்ம ஊமத்தையின் குடும்பத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் அந்தக் குடும்பத்தின் பிரபலம் பெல்லடோனா. இத்தாலியப் பெண்கள் கண்மணி பெரிதாகத் தெரிய அதன் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டதால் 'அழகிய பெண்' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். லின்னேயஸ் அதற்கு அட்ரோபா என்று பேரினப் பெயர் வைத்தார். அட்ரோபோஸ் என்பவள் கிரேக்கக் கதையில் உயிர்நூலை வெட்டும் தேவதை. நம்ம பக்கத்திலும் பெயர் சும்மா வைக்கவில்லை. சமஸ்கிருதத்தில் ஊமத்தைக்கு உன்மத்தம் என்றும் ஒரு பெயர் உண்டு, அதாவது பித்து. ஊமத்தை தின்றவனுக்கு நாக்கு வறளும், கண்மணி விரியும், உடம்பு கொதிக்கும், புத்தி தடுமாறும். இந்த நாலையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1831ல் ஜெர்மன் மருந்தாளுநர் மைன் பெல்லடோனாவிலிருந்து அட்ரோபினைப் பிரித்தெடுத்தார். அது குடலைத் தளர்த்துகிறது என்பது தெரிந்திருந்தது. எப்படி என்பதற்கான விடைக்கு 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்துக்குப் போகும் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு ஒரு ரசாயனத்தைத்தான் அனுப்புகிறது என்பது அப்படித்தான் உறுதியானது. பிற்பாடு அதை அசிட்டைல்கோலின் என்று அடையாளம் கண்டார்கள். 1936ல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு.

அட்ரோபின் செய்வது அந்தச் செய்தி போய்ச் சேரும் இடத்தை அடைப்பது, அவ்வளவுதான். குடல் தசைக்கு 'இறுகு' என்ற கட்டளை போகாது. ஆனால் அதே ரசாயனம்தான் எச்சில், வியர்வை, கண்மணி, சிறுநீர்ப்பை எல்லாவற்றுக்கும் சேதி சொல்கிறது. எங்க தொழில் பாஷையில் சொன்னால், ஒரே சிக்னலை பத்து மாட்யூல் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் மியூட் போட வழியில்லை.

குடலை மட்டும் தொட்டு மற்றதை விட்டுவிடும் ஒரு பொருளைத் தேடியபோது வந்தவற்றில் ஒன்றுதான் டைசைக்ளோமின். அமெரிக்காவில் மெரல் நிறுவனத்தின் பென்டில் 1950ல் அனுமதி பெற்றது. அட்ரோபினைவிட மென்மையானது, நேராகவே தசையைக் கொஞ்சம் தளர்த்தும் குணமும் உண்டு. ஆனாலும் ஊமத்தைக் குணம் முழுசாகப் போகவில்லை. இன்றைய மருந்துச் சீட்டில் உள்ள எச்சரிக்கைகளைப் படித்தால் அந்த நாலும் வரிசையாக வருகின்றன. வாய் வறட்சி. பார்வை மங்கல், அதனால் வண்டி ஓட்டாதே. கோணம் அடைபடும் வகைக் கண் அழுத்த நோய் உள்ளவருக்கு ஆபத்து. வியர்வை குறைவதால் கடும் வெயிலில் உடம்புச் சூடு ஏறும். மே மாத வேலூரில் இது சின்ன விஷயமில்லை. வயதானவர்களுக்குக் குழப்பம். பிராஸ்டேட் வீங்கிய தாத்தாக்களுக்குச் சிறுநீர் நின்றே போகலாம்.

குழந்தைகள் விஷயம்தான் இந்த வரலாற்றில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது.

பிறந்த சில வாரத்தில் சாயங்காலமானால் வீறிட்டு அழும் குழந்தைகள் உண்டு. கோலிக் என்பார்கள். வயிற்று வலியாகத்தான் இருக்கும் என்று டைசைக்ளோமின் சிரப் கொடுத்தார்கள். ஷெஃபீல்டின் குழந்தை மருத்துவர் ரொனால்ட் இல்லிங்வொர்த் 1959ல் லான்செட்டில் ஒரு சோதனையை வெளியிட்டார். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் சிரப் என்று தாய்க்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்துதான் ஜெயித்தது. அந்தக் காலத்துக்கு மிக ஒழுங்கான சோதனை. அதை நம்பிக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

சுமார் கால் நூற்றாண்டு கழித்து, 1984ல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சில சின்னக் குழந்தைகளுக்கு இந்த மருந்தால் கவலை தரும் அறிகுறிகள் வருவதாகக் குறிப்பு வந்தது. மூச்சுத் திணறல், மூச்சு நின்றுபோதல், வலிப்பு, துவண்டுபோதல். வேறு செய்திகளில் இறப்புகளும். சிலருக்குக் கொடுத்த சில நிமிடங்களிலேயே. அவ்வளவு சீக்கிரம் என்பதால் சிரப் மூச்சுப்பாதையை உறுத்தியதா, உள்ளே போய்விட்டதா என்றும் சந்தேகம் எழுந்தது. மருந்துதான் காரணம் என்று அறுதியாக நிரூபணமாகவில்லை. ஆனாலும் 6 மாதத்துக்குக் கீழ் கொடுக்கவே கூடாது என்று சீட்டில் ஏறியது. கோலிக் மூணு நாலு மாதத்தில் தானாகவே போய்விடும் தொல்லை. அதற்காக மூச்சைப் பணயம் வைக்க முடியாது. நிரூபணத்துக்குக் காத்திருக்காத அந்த முடிவு சரியென்றே எனக்குப் படுகிறது. பாலில் கலக்கும் என்பதால் பாலூட்டும் தாய்க்கும் வேண்டாம் என்கிறது சீட்டு.

நம்மூரில் டைசைக்ளோமின் சொட்டு மருந்து இன்றும் கிடைக்கிறது. பெரிய குழந்தைக்கு வாங்கிய பாட்டில் அலமாரியிலேயே இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கைக்குழந்தை அழும்போது கை அங்கேதான் போகும். 1984ன் கதை தெரிய வேண்டிய இடம் அந்த அலமாரி.

இந்தியக் கூட்டு மாத்திரைகளில் இன்னொரு சிக்கல், கூட வரும் ஆள். சிலவற்றில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. காய்ச்சலுக்குத் தனியாக ஒன்று போட்டால் அளவு இரண்டு மடங்கு. மெஃபெனமிக் ஆசிட் பற்றி 2023 நவம்பர் கடைசியில் இந்திய பார்மகோபியா கமிஷன் எச்சரித்தது: தோல் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் என்று 2 முதல் 8 வாரத்துக்குள் வரக்கூடிய டிரெஸ் எனும் கடும் ஒவ்வாமை. அரிதானது, ஆனால் உள்ளுறுப்பையும் தாக்கும்.

அமெரிக்கச் சீட்டில் இன்னொரு வரி இருக்கிறது. 2 வாரத்தில் பலன் தெரியாவிட்டால் மருந்தை நிறுத்திவிட வேண்டும். இது இறுக்கத்தைத் தளர்த்துமே தவிர, எதனால் இறுகியது என்று கேட்காது. குடல்வால் அழற்சியோ குடல் அடைப்போ இருந்தால் அதைக் குணமாக்காது. அடைப்பில் கொடுக்கவே கூடாது. வலி ஒரே இடத்துக்கு, குறிப்பாக வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால், காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால், வயிறு பலகைபோல் இறுகினால், அடுத்த மாத்திரைக்குப் பதில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.