எம்.எஸ். நோயாளர் ஆதரவுச் சேவைகள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறையை உடலின் எதிர்ப்பாற்றலே அரிக்கும் நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அதனால் மருத்துவத்துக்கு நிகராக ஆதரவுச் சேவைகளும் முக்கியம்.

இவற்றின் தொடக்கம் ஒரு செய்தித்தாள் விளம்பரம். தம்பியின் நோய்க்கு வழி தேடிய சில்வியா லாரி, குணமடைந்தவர்கள் தொடர்புகொள்ளுமாறு 1945இல் நியூயார்க் டைம்ஸில் கேட்டார். வந்த பதில்கள் பெரும்பாலும் அவரைப் போலவே விடை தேடியவர்களுடையவை. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கம் உருவானது.

இந்தியாவில் 1985இல் தொடங்கிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னை உட்படப் பல நகரங்களில் கிளைகள் உண்டு.

உதவி தேவைப்படும் இடங்கள் மிகச் சாதாரணமானவை: குளியலறைச் சுவரில் கைப்பிடி, சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்குப் பயிற்சி, வெயிலில் அறிகுறிகள் கூடும்போது ஈரத்துணி. வெளியே தெரியாத கடும் சோர்வைச் சோம்பல் என்று வீட்டார் எண்ணிவிடுவதும் உண்டு. அதை விளக்கிச் சொல்லும் குடும்ப ஆலோசனை மருந்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பராமரிப்பவரின் முதுகுவலியும் தூக்கமின்மையும் மருத்துவரின் கண்ணில் படுவதில்லை. அவருக்கும் ஓய்வு வேண்டும். மாற்று ஆள் வேண்டும்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ். நோயையும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ எனச் சான்று பெற்றவர்கள் உயர்கல்வி இடஒதுக்கீடு உள்ளிட்ட உரிமைகளைக் கோரலாம்.