வடசென்னையில் எங்கே வீடு கட்டலாம்? ஒரு வரலாற்றுப் பார்வை

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி ஒரு கல்தூண் நிற்கிறது. இராயபுரத்திலிருந்தும் தண்டையார்ப்பேட்டையிலிருந்தும் மண்ணடிக்கு வந்து போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. 1773ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி நட்ட ஆறு எல்லைத் தூண்களில் இன்று எஞ்சியிருப்பது அது ஒன்றே. அத்தூண்களுக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட நிலத்தில் எவரும் எதையும் கட்டக்கூடாது என்பதே அவை சொன்ன செய்தி. எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று இந்நகரில் கோடு கிழித்துச் சொன்ன பழைய விதிகளில் கல்லாய் நின்று சாட்சி கூறுவது அதுவே எனலாம்.

அந்த நிலம் அதற்குமுன் வெற்று நிலமாக இருக்கவில்லை. கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியே பழைய கறுப்பர் நகரம் இருந்தது. நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் அங்கே நெருக்கமாக வாழ்ந்தனர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றியபோது, மதிலருகே இருந்த வீடுகள் தாக்குபவருக்கு மறைவாக அமையும் என்பது இரு தரப்புக்கும் விளங்கிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை அடுத்திருந்த வீடுகளை இடித்தனர். 1749இல் நகரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் எஞ்சியதையும் இடித்துத் தள்ளினர். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. அதற்கு மாற்று இடம் தரப்பட்டு, பூக்கடைப் பகுதியில் 1760களில் புதிய கோயில் எழுந்தது. மக்கள் முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் பெயர்ந்தனர். இன்றைய மண்ணடியும் சௌகார்பேட்டையும் அப்படிப் பெருகிய பகுதிகளே. இடிக்கப்பட்ட ஊரின் மேல்தான் பிற்காலத்தில் உயர்நீதிமன்றம் கட்டப்பட்டது.

புதிய நகரைச் சுற்றி மதில் எழுப்பிய கம்பெனி, அச்செலவைக் குடிமக்களிடம் வரியாகத் தண்ட முயன்றது. வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது: வால்டாக்ஸ் சாலை. வசூலாகாத வரிக்கு இப்படியொரு நினைவுச்சின்னம் வேறெந்த ஊரிலும் இருக்குமா என்பது ஐயமே.

பீரங்கியின் பார்வைக்குத் தடை இருக்கக்கூடாது என்பதே 1773இன் விதிக்கு அடிப்படை. குடியிருப்பவரின் காற்றோ வெளிச்சமோ அண்டை வீட்டாரின் உரிமையோ அங்கே கணக்கில் இல்லை. கட்டட விதி என்றாலே நம் மக்களுக்கு இன்றும் ஓர் அச்சமும் கசப்பும் எழுவதற்கு அது பிறந்த விதமும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

விதி வேறு விதமாகவும் பிறக்கலாம். ஹிஜ்ரி 17இல் கூஃபா நகரம் அமைக்கப்பட்டபோது பெருவீதிகள் நாற்பது முழம், அடுத்தவை முப்பது, அதற்கடுத்தவை இருபது, சந்துகள் ஏழு முழம் என்று கலீஃபா உமர் (ரழி) அவர்களின் கட்டளை இருந்ததாக இமாம் தபரீ பதிவு செய்கிறார்கள். முதலில் நாணலால் வேய்ந்த வீடுகள் தீக்கிரையாயின. பச்சைச் செங்கல்லால் கட்ட மக்கள் அனுமதி கேட்டு மதீனாவுக்கு ஆளனுப்பினர். அனுமதி கிடைத்தது, இரு நிபந்தனைகளோடு: ஒருவர் மூன்று அறைகளுக்கு மேல் கட்டக்கூடாது, உயரத்தில் போட்டியிடக்கூடாது. விண்ணப்பம், காரணம், நிபந்தனை மூன்றும் அமைந்த ஒரு கட்டட அனுமதி அது. பாதையைப் பற்றிப் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்பது புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் வரும் நபிமொழியின் கருத்து. நம் கணக்கில் ஏறத்தாழப் பத்தரை அடி. சுமையேற்றிய இரு ஒட்டகங்கள் எதிரெதிரே கடக்கப் போதுமான அகலம் என்று இதற்கு விளக்கம் சொல்வர். பதினான்காம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்ற கொத்தனார், காழீக்குத் துறை வல்லுநராக இருந்து, சுவர், சன்னல், கழிவுநீர், புகை பற்றிய வழக்குகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். மேஸ்திரி ஒருவர் சட்ட நூலாசிரியரானது நம் மாணவர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி. வீட்டுச் சன்னலைத் திறப்பவர் அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்க்கலாமா என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றைய விதிநூல் தரும் விடைதான் பக்கவாட்டு இடைவெளி.

சென்னைக்கு வருவோம். 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881இன் புயல் பாதி வேலையை அழித்தும் பணி நிற்கவில்லை. இக்கரையில் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்கிறது. துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து மெரினா அகன்றது. மணல் வந்து சேராத வடக்கே, இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் அரித்தது. வடசென்னைக் கரையோரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வீடிழந்த கதை இது. கருங்கற்களைக் கொட்டி அமைத்த தடுப்புகள் பின்னர் வந்தன.

1991 பிப்ரவரி 19இல் நடுவண் அரசு கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. ஏற்கெனவே நகரமாகிவிட்ட கரையில், இருக்கும் சாலைக்கோ அங்கீகாரம் பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். 2011இலும் 2019இலும் அறிவிக்கை மாற்றி எழுதப்பட்டது. கடலிலிருந்து அளந்து கிழித்த கோடு இது. தாத்தா காலத்தில் கடலிலிருந்து வெகுதொலைவில் இருந்த மனை, பேரன் காலத்தில் கோட்டுக்குள் வந்துவிடுகிறது. குடும்பம் நகரவில்லை, கடல்தான் நகர்ந்தது. துறைமுகத்தின் பலனை நாடு முழுதும் பெற, அதன் விலையை இக்கரையினர் வீட்டு அனுமதியிலும் சேர்த்துச் செலுத்துகின்றனர் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடலுக்கு மறுபுறம் தொழிற்சாலை. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதே பிற்கால எம்.ஆர்.எஃப். 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1950களில் என்ஃபீல்டு, 1960களின் இறுதியில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், 1970 முதல் எண்ணூர் அனல்மின் நிலையம் என்று வரிசையாக வந்தன. வேலைக்கு வந்தவர்கள் ஆலைக்கு அருகிலேயே குடியேறினர்.

நகரமைப்புச் சட்டம் 1920இலேயே இம்மாகாணத்தில் இயற்றப்பட்டிருந்தது. அதற்கு ஆறாண்டு முன்பே ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பில் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடஸ் இங்கு வந்து, ஊரை மொத்தமாக இடிக்காமல் பழுதானதை மட்டும் நீக்கிச் சீராக்கலாம் என்று வாதிட்டார். ஆனால் பெருநகர் முழுமைக்குமான முதல் முழுமைத் திட்டம், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் வழியே, 1975இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஆலைகளும் இருந்தன, அவற்றின் நிழலில் வீடுகளும் இருந்தன. வரைபடம் கடைசியாக வந்தது. பரந்த பகுதிகள் தொழில் மண்டலம் என வண்ணமிடப்பட்டன. 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டம் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், அபாயகரமான சிறப்புத் தொழில், வேளாண்மை எனப் பலவாக நிலத்தைப் பிரித்தது. தொழில் மண்டலத்துக்குள் வீட்டுமனை வாங்கியவர், நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். மனை விற்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இங்கேதான் நம் மக்கள் அதிகம் ஏமாந்தனர். வயலையும் உப்பளத்தையும் துண்டு போட்டு, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற முத்திரையோடு விற்றனர். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. குறையை மறைத்து விற்பது ஆகாது என்று ஃபிக்ஹு நூல்கள் விற்பனைப் பாடத்தில் பேசுகின்றன. வாசல் சாலையின் அகலமும் நிலத்தின் மண்டலமும் பொருளின் குறைகளே. ஒழுகும் கூரையைச் சொல்லாமல் விற்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

2016 செப்டம்பர் 9இல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22அ பிரிவு அவ்வாண்டு அக்டோபர் 20இல் நடைமுறைக்கு வந்தது. மகளின் திருமணத்துக்கென்று மனையை விற்க நினைத்தவர்கள் பத்திரப்பதிவு அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பினர். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன: 2016 அக்டோபர் 20க்கு முன் ஒரு மனையேனும் விற்பனையாகிப் பதிவான மனைப்பிரிவுகளைக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்தலாம். முன்பே பதிவான மனையை மீண்டும் பதிவதற்கும் வழி திறந்தது. ஆனால் பதிவு வேறு, கட்டட அனுமதி வேறு. வரன்முறை செய்யாத மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. இந்த வேறுபாடு அறியாமல் பத்திரம் கையில் இருப்பதே போதும் என்றிருப்பவர்கள் நம் மஹல்லாக்களில் இன்றும் பலர்.

2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைந்ததால் அனுமதி கேட்கும் வாசலும் மாறியது. 2019 பிப்ரவரியில் மாநிலம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. பழைய ஜார்ஜ் டவுன் போன்ற பகுதிகளில் சுவரோடு சுவர் சேர்த்துக் கட்டும் வழக்கத்தை, தொடர் கட்டடப் பகுதி என்ற பெயரில் விதிகள் ஏற்றுக்கொள்கின்றன. இருப்பதை அறிந்து எழுதிய நல்ல விதி அது என்போம்.

2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறை நடப்பில் உள்ளது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு இணையவழியே விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். நம் பகுதியின் பெரும்பாலான மனைகள் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் சான்றளிப்பவர் மனைக்காரரே. தவறான சான்றுக்குப் பொறுப்பும் அவரே. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன், பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நிற்காமல், சர்வே எண்ணைக் கொண்டு அந்த நிலம் எந்த மண்டலத்தில் விழுகிறது, மனைப்பிரிவு அங்கீகாரமோ வரன்முறையோ பெற்றதா, கரையோரமாயின் ஒழுங்காற்றுக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பவற்றைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலும் மாநகராட்சியிலும் எழுத்தாகக் கேட்டுப் பெறவேண்டும். வாய்மொழியாகத் தரகர் சொல்வது அங்கே செல்லாது.